மாத்திரைக்குள் கோதுமை தேடிய சபாபதி

கிள்ளானில் ஒரு மருந்துக்கடை. பெயர் வேண்டாம், பாவம், அவர்கள் பட்டது போதும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெளுத்த நீலச் சட்டையும், கக்கத்தில் மஞ்சள் ஃபைலும், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடியுமாக ஒருவர் தெரிந்தால் போதும். கவுண்டரில் நிற்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்குத் திடீரென்று ஸ்டோரில் வேலை வந்துவிடும். மற்றவள் மாட்டிக்கொள்வாள்.

"வாங்க அங்கிள். இன்னிக்கு எந்த மாத்திரை?"

"அதே மாத்திரைதான்மா. இதுல இருக்கற ஸ்டார்ச் எதுலேர்ந்து எடுத்ததுன்னு கேட்டிருந்தேனே."

"கம்பெனிக்கு ஈமெயில் போட்டிருக்கோம் அங்கிள்."

"என்னிக்குப் போட்டீங்க? எத்தன மணிக்கு? யார் பேருக்கு?"

இவர்தான் சபாபதி. வயது அறுபத்து மூன்று. வீடு பண்டமாரானில். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு பார்வர்டிங் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்து இறங்கும் பெட்டிக்குள் இன்னது இருக்கிறது என்று காகிதம் சொல்லும். உள்ளே அதுதான் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. காகிதத்தில் பீங்கான் தட்டு என்று எழுதியிருக்கும், திறந்தால் பட்டாசு இருக்கும். அப்படி இரண்டு தடவை பிடித்திருக்கிறார். அந்த இரண்டு கதைகளையும் அவரைத் தெரிந்தவர்கள் தலைக்கு இருபது தடவையாவது கேட்டிருப்பார்கள். கேட்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஓய்வு பெற்றபின் திறந்து பார்க்கப் பெட்டி எதுவும் இல்லாமல் மனிதர் ஒரு வருடம் தவித்துப் போனார். அப்புறம்தான் வீட்டுக்குள் கோதுமை வழக்கு வந்தது.

மனைவி புஷ்பவல்லி, ஐம்பத்தெட்டு வயது. தமிழ்ப்பள்ளிக் கேண்டீனை இருபத்திரண்டு வருடம் நடத்தியவள். அறுநூறு பிள்ளைகளுக்கு இருபது நிமிட இடைவேளையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் போட்டுக் கொடுத்து, வரிசையில் இடிப்பவனை வாயாலேயே அடக்கி வைத்த ஆள். அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வருடமாக வயிறு சரியில்லை. சாப்பிட்டால் உப்பிக்கொள்ளும், ஓடும், முடி கொட்டும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பார்த்த இடத்திலெல்லாம் காஸ்டிரிக் என்றார்கள். கடைசியில் டாக்டர் சுகுமாறன் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்று பெயர் சொன்னார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற சத்து அவள் குடலுக்கு ஆகாதாம். தூசி அளவு உள்ளே போனாலும் குடல் தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும். இதற்கு மருந்து கிடையாது, கோதுமையை ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே சபாபதி சமையலறையில் சோதனை நடத்தினார். ரொட்டி, பிஸ்கட், ரவை, சேமியா, மஞ்சள் மீ நூடுல்ஸ் எல்லாம் வெளியே வந்தன. லேபிளில் தெபுங் கண்டும் என்று மலாயில் கோதுமை மாவைப் போட்டிருக்கும். அந்த இரண்டு சொல்லைக் கண்டால் பொருள் போச்சு. கிச்சாப் என்ற சோயா சாஸில்கூடக் கோதுமை இருப்பதைப் படித்துவிட்டு, "பாத்தியா, பாத்தியா, சோயான்னு பேரு, உள்ள கண்டும்!" என்று பட்டாசுப் பெட்டியைப் பிடித்த அதே குரலில் கத்தினார். மூன்று பை சாமான் பக்கத்து வீட்டுத் தங்கமணிக்குப் போனது. தங்கமணி வீட்டில் ஒரு மாதம் காலையில் சேமியா உப்புமாதான் என்று கேள்வி.

அப்புறம் கல்யாண வீட்டுக்குப் போனால் மனிதர் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் சமையல்காரரைப் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் ரசத்தில் என்ன போட்டீர்கள் என்று இவர் கேட்ட கேள்வியில், சமையல்காரர் சுகாதார இலாகா ஆள் என்று நினைத்துத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டார். புஷ்பவல்லிக்குத் தலைகுனிவு ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

இதோடு இன்னொரு காரியத்தையும் சபாபதி தன் கையில் எடுத்துக்கொண்டார். இதுதான் பெரிய அதிசயம். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியில் அவர் செய்த ஒரே வேலை, சாப்பாடு ஆச்சா என்று எட்டிப் பார்ப்பது. அந்த மனிதர் இப்போது மூன்று வேளையும் மாத்திரை நேரத்துக்குச் சரியாக அடுப்படிக்குள் வருவார். தயிரைக் கடைவார். இஞ்சி தட்டிப் போடுவார், கறிவேப்பிலை கிள்ளிப் போடுவார். எவர்சில்வர் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டுக் கலக்கி, மேலே நுரை நிற்க, டம்ளரைக் கொண்டுவந்து நீட்டுவார்.

"வெறுந்தண்ணில மாத்திரைய முழுங்கினா வயிறு எரியும். இதக் குடி. வயித்து உப்பசத்துக்கு இதவிட்டா வேற என்ன இருக்கு?"

அவளுக்கு மாத்திரை நான்கு. இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இரும்புச் சத்துக்கு ஒன்று, வைட்டமின் ஒன்று, நெஞ்செரிச்சலுக்கு ஒன்று. புஷ்பவல்லி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே மூச்சில் மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பாள். வயிறு அதிகமாக உப்பிய நாட்களில் சிட்டிகை கால் கரண்டியாகும். அப்படியும் அடங்காவிட்டால் அரைக் கரண்டி. அந்தப் பெருமையில் மனிதரைப் பிடிக்க முடியாது.

எட்டு மாதம் ஓடியது. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சுகுமாறன் காகிதத்தைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"கோதுமையால வர்ற எதிர்ப்பு அளவு இறங்கவே இல்லையே மேடம். எடையும் நாப்பத்தாறுதான் இருக்கு. கோதுமை எங்கேர்ந்தோ உள்ள வருது."

"எங்கேர்ந்து டாக்டர் வரும்?" என்றார் சபாபதி. "என்னைத் தாண்டி ஒரு பிஸ்கட் வீட்டுக்குள்ள வர முடியாது."

"மாத்திரைலகூட ஸ்டார்ச் சேர்ப்பாங்க அங்கிள். பெரும்பாலும் சோளம், இல்லன்னா உருளைக்கிழங்குதான். கோதுமை ரொம்ப அபூர்வம். இருந்தாலும் ஒரு தடவை கேட்டுப் பாத்துடுங்க. பத்து வாரம் கழிச்சி மறுபடியும் இரத்தம் எடுப்போம். அப்பவும் இறங்கலன்னா, கோதுமைய நிறுத்தியும் குடல் ஆறலன்னு அர்த்தம். அது வேற விஷயம். அட்மிட் பண்ணி, திரும்ப ஸ்கோப் போட்டு, பெரிய மருந்து ஆரம்பிக்க வேண்டி வரும்."

அது வேற விஷயம். டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சபாபதிக்கு அந்த மூன்று சொல்லும் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. கார் நிறுத்திய இடத்துக்குப் போகப் பத்துப் படி ஏற வேண்டும். புஷ்பவல்லி நாலாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளையல் முழங்கை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. அறுநூறு பிள்ளைகளை அதட்டிய உடம்பா இது என்று நினைத்தார். அவருக்குப் பயமாக இருந்தது. இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம், வேறொன்றும் இல்லை. பயத்தை வெளியே சொல்லத் தெரியாத ஆண்பிள்ளை என்ன செய்வான்? போகும் வழியில் காரை நிறுத்தி ஒரு மஞ்சள் ஃபைல் வாங்கினார்.

ஃபைலுக்குள் நான்கு பகுதி, நான்கு மாத்திரைக்கு. ஒவ்வொன்றிலும் பெயர், எந்த நாட்டில் செய்தது, யார் இறக்குமதி, எந்தக் கப்பலில் வந்திருக்கும் என்பதுவரை யோசித்து எழுதினார். கப்பல் எதற்கு என்று கேட்டால், "தெரிஞ்சி வெச்சா நல்லதுதானே" என்றார்.

ஆனால் மாத்திரை விஷயம் பிஸ்கட் விஷயம் இல்லை என்பது இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. பிஸ்கட் பாக்கெட்டில் எல்லாம் எழுதியிருக்கும். மாத்திரை அட்டையில் மருந்தின் பெயரும் அளவும்தான் பளிச்சென்று இருக்கும். மருந்தைத் தாங்கிப் பிடிக்க உள்ளே வேறு என்னென்ன போட்டார்கள் என்பது, பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்த தாளில் எறும்பு எழுத்தில் இருக்கும். அதிலும் சில தாளில் ஸ்டார்ச் என்று மட்டும் இருக்கும். எந்த ஸ்டார்ச்? சோளமா, கிழங்கா, கோதுமையா? அதைச் சொல்லாது. அனுபவப்பட்ட கிராணிக்கு இது போதாதா? பாதி எழுதி மீதியை விட்ட காகிதத்தைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் முறுக்கேறும்.

முதல் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சுற்ற விட்டுக் கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"அங்கிள், இது மருந்து லா. ரொட்டி இல்ல."

"அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா, நான் பேசாம போயிடறேன்."

பதினோரு தடவை போன் போட்டபின் அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரும்புச் சத்து மாத்திரையில் இருப்பது சோளம். இரண்டாவதான நெஞ்செரிச்சல் மாத்திரையின் ஏஜென்ட் ஆபீஸ் சுங்கை வேயில் இருந்தது. போன் எடுக்காததால் நேரிலேயே போய்விட்டார். காவலாளி உள்ளே விடவில்லை. சபாபதி கேட்டுக்குப் பக்கத்தில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். காலை பத்து மணிக்கு நின்றவர் பகல் பன்னிரண்டுக்கும் நிற்பதைப் பார்த்து, ஒரு மேனேஜர் சாப்பாட்டுக்குக்கூட வெளியே போக முடியாமல், தானே தாளை அச்செடுத்துக்கொண்டு வந்து கேட்டில் கொடுத்தார். உருளைக்கிழங்கு. வைட்டமினில் ஸ்டார்ச்சே கிடையாது.

ஆக மூன்று பேர் விடுதலை. மிச்சம் இருந்தது இரத்த அழுத்த மாத்திரை. அதன் தாளில் ஸ்டார்ச் என்று ஒரே சொல். கம்பெனியிலிருந்து பதிலே இல்லை. பதில் சொல்லாதவன் குற்றவாளி என்று சபாபதி அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். அதோடு விட்டாரா? மாத்திரை டப்பாவிலிருந்து அதை மட்டும் எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் புஷ்பவல்லி தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாள். கருவியைக் கையில் கட்டிப் பார்த்தால் நூற்று எழுபத்தெட்டு. அவள் அப்போதுதான் டப்பாவை எண்ணிப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். கேண்டீனில் வரிசையை மீறியவனைப் பார்க்கும் பார்வை அது.

"எங்க வெச்சீங்க?"

"அதுல கோதுமை இருக்கலாம் புஷ்பம்..."

"கோதுமை கொல்றதுக்கு முன்னாடி நீங்களே கொன்னுடுவீங்க போலிருக்கே! எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். வழக்கம்போல மோரும் கலக்கிக் கொடுத்தார். இரண்டு மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை.

மறுபடியும் கிள்ளான் மருந்துக்கடைக்கு வந்துவிட்டோம். கவுண்டரில் மாட்டிக்கொண்ட பெண் ஒரு நாள் நல்ல யோசனை சொன்னாள். "பிரிக்பீல்ட்ஸ்ல மலர்விழின்னு ஒரு பார்மசிஸ்ட் இருக்காங்க அங்கிள். எனக்கு சீனியர். இந்த விஷயமெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. நேர்ல போய்ப் பாருங்களேன்." சபாபதிக்கு நன்றியில் கண் கலங்கிவிட்டது. அவர் கதவைத் தாண்டியதும் ஸ்டோருக்குள்ளிருந்து எழுந்த கைதட்டல் அவர் காதில் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கொமுட்டர் ரயில் பிடித்து கே.எல். சென்ட்ரலில் இறங்கி, ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தார். பூக்கடைகளையும் பலகாரக் கடைகளையும் தாண்டி ஒரு சின்ன மருந்துக்கடை. மலர்விழிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஃபைலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தாள். அவருடைய வாழ்க்கையில் யாரும் அவர் ஃபைலை இப்படிப் படித்ததில்லை.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க அங்கிள். நிஜமாத்தான் சொல்றேன். ஆனா இது என்ன, 'மூன்று நாள் நிறுத்தம்'?"

சபாபதி சாமி படத்து விவகாரத்தைச் சொன்னார்.

"ஐயோ அங்கிள்! பிரஷர் மாத்திரைய நீங்களா நிறுத்தலாமா? ஸ்ட்ரோக் வந்திருந்தா? கோதுமை இருந்தாக்கூட டாக்டர்கிட்ட சொல்லி வேற பிராண்ட் மாத்தலாம். நிறுத்தக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. துறைமுகத்தில் பெரிய அதிகாரிகளிடம்கூட இப்படித் திட்டு வாங்கியதில்லை. தலையை ஆட்டினார்.

அவள் அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து, கம்பெனிக்குப் போன் போட்டாள். மருந்தாளரிடம் மருந்தாளர் பேசும் வழி வேறு போலிருக்கிறது. கால் மணி நேரத்தில் போனுக்குத் தாள் வந்துவிட்டது. திருப்பிக் காட்டினாள்.

"சோளம்தான் அங்கிள். உங்க நாலு மாத்திரைலயும் கோதுமை இல்ல. சுத்தம்."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. சபாபதியின் முகம் தொங்கிப்போனது. பிடிக்க வேண்டிய ஆள் இல்லை என்றால், அப்புறம் மிச்சம் இருப்பது டாக்டர் சொன்ன அந்த வேற விஷயம்தானே? ஆறு வாரம்தான் பாக்கி. ஃபைலை மூடினார்.

"சாப்பாட்டுலயும் இல்லங்கறீங்க," என்றாள் மலர்விழி. "நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது குடுக்கறீங்களா?"

"சேச்சே. அதெல்லாம் கிடையாது."

"மாத்திரைய எதோட சாப்பிடறாங்க? தண்ணியா?"

"தண்ணியா?" சபாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பதில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. "மோரும்மா. நானே கடைஞ்சி, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் போட்டு, மூணு வேளையும் என் கையாலதான்."

"இரும்புச் சத்து மாத்திரைய மோரோட குடுத்தா உடம்புல சரியா ஒட்டாது அங்கிள். தண்ணிலதான்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். "பெருங்காயமா? எந்தப் பெருங்காயம்? கட்டியா, தூளா?"

"தூளுதான். கிள்ளான்ல வாங்கறது."

"லேபிள் பாத்தீங்களா?"

சபாபதி சிரித்தேவிட்டார். "பெருங்காயத்துக்கு என்னம்மா லேபிள்? அது வயித்துக்கு மருந்து."

அவள் எழுந்து பக்கத்து மளிகைக் கடைக்குப் போனாள். ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து, இதே பெருங்காயம்தானா என்று கேட்டு அவர் கையில் வைத்தாள். அதே பெட்டிதான். மாதம் ஒன்றாக வாங்கி, கடை வாசலிலேயே உடைத்து எவர்சில்வர் டப்பாவில் கொட்டிக்கொண்டு, காலிப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு வருவாரே, அதே பெட்டி. சோதனை நடந்த அன்று டப்பாவில் லேபிள் இல்லை. இருந்திருந்தாலும் படித்திருப்பாரா? சாமான் என்றால் கோதுமை இருக்கலாம், மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்ததில் இருக்கலாம். பெருங்காயத்தை அவர் எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை. அதன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? நம் ஜனங்களில் ஒருவருக்கும் வராது.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பெட்டியைத் திருப்பினார். உள்ளடக்கம் மலாயில் இருந்தது. பிசின். பெருங்காயம். அதற்கெல்லாம் முன்னால், முதல் இடத்தில், தெபுங் கண்டும்.

"தூள் பெருங்காயம்னா நிறையப் பேர் கோதுமை மாவு கலந்துதான் செய்றாங்க அங்கிள்," என்று மலர்விழி மெல்லச் சொன்னாள். "அரிசி மாவு கலந்ததும் இருக்கு. பாத்து வாங்கணும். இது யாருக்கும் தெரியாது. நீங்க மனச..."

மீதியை அவர் கேட்கவில்லை. பூதக்கண்ணாடிக்குள் அந்த இரண்டு சொல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

கொமுட்டரில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. சுபாங் ஜெயா வரைக்கும் அவர் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். ஒன்பது மாதம். எண்ணூறு டம்ளர். வயிறு நன்றாக இருந்த நாளில் சிட்டிகை, நன்றாக இல்லாத நாளில் கால் கரண்டி, ரொம்ப மோசமான நாளில் அரைக் கரண்டி. அவள் துடித்த நாளில்தான் அதிகம் கொடுத்திருக்கிறார். ஷா ஆலம் தாண்டியதும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். 'கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்' என்று ஆரம்பிக்கலாமா? அவன் எங்கே ஏமாற்றினான்? முதல் வரியிலேயே எழுதித்தான் வைத்திருக்கிறான். காகிதம் சரி, பெட்டியும் சரி, பார்க்க வேண்டிய கிராணிதான் பார்க்கவில்லை. கிள்ளான் ஸ்டேஷனில் இறங்க மறந்து, தெலுக் பூலாய் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பகல் மாத்திரை நேரம். புஷ்பவல்லி மேசையில் தயிரும் டம்ளரும் எவர்சில்வர் டப்பாவும் எடுத்து வைத்துவிட்டு, அவர் வந்து கலக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"என்னங்க, பிரிக்பீல்ட்ஸ்காரங்க என்ன சொன்னாங்க? மாத்திரைலதானா?"

"மாத்திரைல இல்ல."

"பின்ன?"

சபாபதி பெட்டியை மேசைமேல் வைத்தார். அவள் பெட்டியைத் திருப்பி, பூதக்கண்ணாடி இல்லாமலே படித்தாள். கேண்டீனில் வருடக்கணக்காக லேபிள் பார்த்த கண். படித்து முடித்ததும் முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"சுங்கை வே வரைக்கும் போய்க் குடை பிடிச்சி நின்னீங்களே! ஐயோ, அந்த மேனேஜர் சாப்பிடாம..."

"நான்தான் புஷ்பம்," என்றார் சபாபதி. "ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். நானேதான் மூணு வேளையும் என் கையால உனக்கு... நீ எப்படிம்மா வாசனைலகூட சந்தேகப்படாம குடிச்சே?"

புஷ்பவல்லி சிரிப்பை நிறுத்தினாள். அவர் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது. நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தாள்.

"எனக்கு மோரே புடிக்காது."

"என்னது?"

"சின்ன வயசுலேர்ந்தே புடிக்காது. அதுலயும் பெருங்காயம் போட்ட மோர் குமட்டும். மூக்க மூடிட்டுத்தான் குடிப்பேன், நீங்க பாத்ததில்ல?"

கண்ணைத்தான் மூடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பின்ன ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"எப்படிச் சொல்றது?" அவள் தயிர்க் கிண்ணத்தை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தாள். "கல்யாணமாயி முப்பத்து மூணு வருஷத்துல, எனக்குன்னு நீங்க அடுப்படிக்குள்ள வந்து செஞ்சது அது ஒண்ணுதான். வேணாம்னு சொன்னா, நீங்க மறுபடியும் ஹால்லயே போய் உக்காந்துடுவீங்களோன்னு பேசாம குடிச்சிட்டேன்."

சபாபதி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடி மேசையில் இடித்தது.

"அழறதெல்லாம் அப்புறம் அழலாம்," என்றாள் அவள். "இப்ப ஒரு கிளாஸ் தண்ணி கொண்டாங்க. மாத்திரைக்கு நேரமாச்சு."

ஆறு வாரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சுகுமாறன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை கணினியைப் பார்க்கவில்லை. எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. அட்மிட் வேண்டாம், ஸ்கோப் வேண்டாம், இப்படியே போனால் போதும் என்றார்.

"அப்ப எங்கேர்ந்துதான் வந்துச்சு? மருந்துலதானா?"

சபாபதி வாயைத் திறந்தார். முப்பத்து நான்கு வருடம் மற்றவர்களின் தப்பைக் காகிதத்தில் எழுதிய மனிதருக்குத் தன் தப்பைச் சொல்ல முதல் சொல் கிடைக்கவில்லை. அதற்குள் புஷ்பவல்லி முந்திக்கொண்டாள்.

"கடைல வாங்கற பெருங்காயத் தூள்ல இருந்திருக்கு டாக்டர். கண்டுபிடிச்சது இவர்தான். ஊரெல்லாம் அலைஞ்சி கண்டுபிடிச்சாரு."

"சூப்பர் அங்கிள்!" என்று டாக்டர் கையைக் குலுக்கினார். சபாபதி தன் வாழ்க்கையில் இவ்வளவு கூசிப்போய் யாருக்கும் கை கொடுத்ததில்லை.

வெளியே வந்து அந்தப் பத்துப் படியையும் புஷ்பவல்லி நிற்காமல் ஏறினாள். ஏறிமுடித்து, பின்னால் மூச்சு வாங்கி வரும் கணவனைத் திரும்பிப் பார்த்து, "என்னா கிராணி சார், ஃபைல் கனமா இருக்கா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சபாபதி நேராக அடுப்படிக்குப் போனார். பிறகு ஹாலை எட்டிப் பார்த்து, முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"புஷ்பம், உனக்கு என்ன குடிக்கப் புடிக்கும்?"



"கோப்பி ஓ," என்றாள் புஷ்பவல்லி. "பால் இல்லாம, சீனி கம்மியா."

அவர் கோப்பித் தூள் பாக்கெட்டை எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்து முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார், ஓரத்தையும் படித்தார். அப்புறம்தான் தண்ணீரை அடுப்பில் வைத்தார்.